ஹென்ரியேட்டா கிங்: டெக்சாஸ் மாட்டுப் பண்ணையைக் கட்டிக்காத்த பெண் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸ் என்றதும் குதிரையும் அகன்ற தொப்பியும் துப்பாக்கியும்தான் பலருக்குக் கண்முன் வருகின்றன. அந்தக் குதிரைக்காரருக்குச் சாப்பாடு யார் போட்டார்கள், அவருடைய பிள்ளை எங்கே படித்தது, மனைவி காய்ச்சலில் கிடந்தால் யார் வந்து பார்த்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. தெற்கு டெக்சாஸில் இதைக் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே பெயரில் போய் முடியும். அந்தப் பெண்மணியைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே.

ஹென்ரியேட்டா கிங் யார்?

1832 ஜூலை 21 அன்று மிசௌரி மாநிலத்தின் பூன்வில் ஊரில் பிறந்தவர். தந்தை ஹைரம் சேம்பர்லைன், புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்றான பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர். தாய் 1835இலேயே இறந்துவிட்டார். தந்தையோ ஊழியத்துக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். தனிமையிலேயே வளர்ந்த பெண் இவர். பதினான்கு வயதில் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரிலிருந்த பெண்கள் பள்ளியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் படித்தார். பிறகு, மெக்சிக எல்லையில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலுள்ள பிரவுன்ஸ்வில்லுக்கு வந்து, அங்கே சபை நிறுவிய தந்தையோடு சேர்ந்துகொண்டார். சில காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். 1854 டிசம்பர் 10 அன்று ரிச்சர்ட் கிங்கை மணந்தார். இந்தத் தம்பதியின் பெயரால் நிலைத்ததுதான் உலகப் புகழ் பெற்ற ‘கிங் ரான்ச்’.

கணவர் எப்படிப்பட்டவர்?

மனைவிக்கு நேர் எதிர். நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்து, பதினோரு வயதில் யாருக்கும் தெரியாமல் கப்பலில் ஏறி ஒளிந்து ஊரைவிட்டு வந்தவர். ஆற்றுக் கப்பலில் எடுபிடியாகத் தொடங்கி கேப்டனாக உயர்ந்தவர். குடிப்பார், சண்டை போடுவார், வாயைத் திறந்தால் வசவு. குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. பிரவுன்ஸ்வில் வந்த புதிதில் போதகர் குடும்பம் கரையில் கட்டிய ஒரு படகையே வீடாக்கிக் குடியிருந்தது. தன் கப்பலை நிறுத்தும் இடத்தில் அது நிற்பதைப் பார்த்த கிங் கண்டபடி திட்டினாராம். உள்ளேயிருந்து வந்த இளம்பெண் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டாளாம். அதன்பின் கேப்டன் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகத் தொடங்கினார் என்று கதை முடிகிறது.

‘ரான்ச்’ என்பது நம் ஊர்ப் பண்ணை போன்றதா?

இல்லை. பண்ணை என்றதும் நமக்கு வயலும் வரப்பும் கிணறும் தோன்றும். தெற்கு டெக்சாஸ் ரான்ச் என்பது முள்மரக் காடும் புல்வெளியும் கலந்த மேய்ச்சல் நிலம். மாடுகள் ஆயிரக்கணக்கில் அவிழ்த்துவிடப்பட்டுத் திரியும். ஆண்டில் சில முறை குதிரைக்காரர்கள் அவற்றைச் சுற்றி வளைத்து ஒன்றுசேர்த்து, கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடுவார்கள். கிங் குடும்பத்தின் குறி, ஓடும் பாம்பு போல வளைந்த ‘டபிள்யூ’. 1869இல் பதிவு செய்யப்பட்ட அந்தக் குறி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அருகில் ஊரே கிடையாது. கடை இல்லை, பள்ளி இல்லை, வைத்தியர் இல்லை. எல்லாவற்றையும் பண்ணையே ஏற்படுத்திக்கொண்டாக வேண்டும். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிடும். அந்த ஆட்களின் குடும்பங்கள் அங்கே காலூன்றி வாழும்படி செய்வதுதான் கடினம். ஹென்ரியேட்டா கையில் எடுத்துக்கொண்டது அந்த வேலையை. கிங் ரான்ச் நிலைத்ததற்கு மாட்டை விட, நிலத்தை விட, அதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

புதுமணப்பெண்ணாக அவர் வந்து சேர்ந்த வீடு எப்படி இருந்தது?

‘ஹகால்’ என்று மெக்சிகர்கள் சொல்லும் குடிசை. கம்புகளை நட்டு, இடையில் மண்ணைக் குழைத்து அப்பி, மேலே கூரை வேய்ந்தது. பிரவுன்ஸ்வில்லிலிருந்து நூறு மைலுக்கு மேல் கோச்சு வண்டியில் பயணம். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய குதிரைக்காரர்கள் காவல். இரவில் திறந்த வெளியில் தங்கல். அப்படி வந்து சேர்ந்த இடம் இது. சமையலறை மிகச் சிறியது. பெரிய தட்டுகளை உள்ளே வைக்க இடமில்லாமல் வெளிச்சுவரில் மாட்டி வைத்திருந்ததைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நாட்களைக் குறைபட்டுக்கொண்டு சொல்லவில்லை. தன் வாழ்வின் மகிழ்ச்சியான காலமாகவே சொன்னார். போதகர் மகளாகப் படித்து வளர்ந்த 22 வயதுப் பெண், வெயிலில் காயும் தட்டை எடுத்து மண்ணைத் துடைத்துவிட்டுப் பரிமாறியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவரை எனக்கு நெருக்கமாக்கியது மற்றப் பெருமைகள் எல்லாவற்றையும் விட அந்தத் தட்டுகள்தான்.

‘கினென்யோ’ என்பவர்கள் யார்?

‘கிங்கின் ஆட்கள்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். மெக்சிகோவின் தமௌலிபாஸ் பகுதியில் குருயாஸ் என்றொரு கிராமம். 1854 வாக்கில் அங்கே கடும் வறட்சி. ரிச்சர்ட் கிங் போய் ஊரிலிருந்த மாடுகள் அனைத்தையும் விலைக்கு வாங்கினார். வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில்தான், மாட்டை விற்றுவிட்ட இந்த ஜனங்கள் இனி எதைக் கொண்டு பிழைப்பார்கள் என்ற எண்ணம் அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். வீடும் சாப்பாடும் கூலியும் தருகிறேன், என்னோடு வாருங்கள் என்று அழைத்தார். சுமார் நூறு பேர், கிழவர் முதல் கைக்குழந்தை வரை, தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு மாடுகளோடு வடக்கே நடந்தார்கள். இந்தப் படலத்தை மக்கள் ‘லா என்ட்ராடா’, அதாவது வருகை, என்று அழைத்தார்கள்.

அழைத்து வந்தது கணவர். வந்தவர்களைக் குடியமர்த்தும் பொறுப்பு மனைவி மேல் விழுந்தது. அவர்களுக்கான வீடுகளையும், பிள்ளைகளின் படிப்பையும் ஹென்ரியேட்டாவே மேற்பார்வையிட்டார். அந்தக் குடும்பங்கள் அவரை ‘லா பத்ரோனா’, எஜமானி அம்மா, என்றார்கள். மொழி வேறு, மதப் பிரிவு வேறு. அவர்கள் கத்தோலிக்கர்கள், இவர் கண்டிப்பான பிரஸ்பிட்டேரியன். இருந்தும் உறவு நிலைத்தது. தாத்தா, மகன், பேரன் என்று அதே பண்ணையில் குதிரையேறிய குடும்பங்கள் உண்டு. மாடு மேய்க்கும் கலையில் அவர்களே ஆசான்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘வாக்கெரோ’ என்ற மெக்சிகக் குதிரைக்காரரிடமிருந்துதான் அமெரிக்க கௌபாய் கயிறு வீசவும் கன்றைக் கட்டவும் கற்றார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பண்ணையில் என்ன நடந்தது?

வடபடைகள் தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டிருந்ததால், தெற்கின் பருத்தி மெக்சிகோ வழியாகவே வெளிநாடு போனது. அந்தப் பாதையில் கிங் ரான்ச் ஒரு முக்கிய நிறுத்தம். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்புக்குத்தான் அந்தப் பருத்தி பணம் சேர்த்தது. அந்த உண்மையைக் கிங் குடும்பத்தின் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

1863 டிசம்பரில் வடபடைக் குதிரை வீரர்கள் ரிச்சர்ட் கிங்கைப் பிடிக்க வந்தார்கள். முன்கூட்டியே தகவல் கிடைத்து அவர் தப்பிவிட்டார். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஹென்ரியேட்டா பிள்ளைகளோடு வீட்டிலேயே இருந்தார். வீட்டுக்குக் காவலாக இருந்த கினென்யோ பிரான்சிஸ்கோ அல்வராடோ சுட்டுக் கொல்லப்பட்டார். வீடு சூறையாடப்பட்டது. அதன்பிறகே ஹென்ரியேட்டா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். சான் பத்ரீசியோ என்ற ஊரில் 1864 பிப்ரவரியில் கடைசி மகன் பிறந்தான். அங்கிருந்து சான் அந்தோனியோ போய், நிலைமை அடங்கிய பிறகு வீடு திரும்பினார்கள்.

எத்தனை பிள்ளைகள்?

ஐந்து பேர்: மகள்கள் ஹென்ரியேட்டா, எல்லா, ஆலிஸ், மகன்கள் ரிச்சர்ட், ராபர்ட் லீ. போர்க்காலத்தில் பிறந்த ராபர்ட் லீதான் பண்ணை வேலையில் பெரும் ஈடுபாடு காட்டியவன். தந்தைக்குப் பின் அவனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான் என்றிருந்தார்கள். 1883இல், 19 வயதில், நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனான். அந்தச் சாவு தந்தையை உடைத்துப் போட்டது. தாய் நெடுநாள் பண்ணைப் பக்கமே திரும்பவில்லை.

கணவர் இறந்தபோது அவர் கையில் என்ன இருந்தது?

1885 ஏப்ரல் 14 அன்று சான் அந்தோனியோவில் வயிற்றுப் புற்றுநோயால் ரிச்சர்ட் கிங் இறந்தார். சொத்து முழுவதையும் மனைவி பெயருக்கே எழுதி வைத்திருந்தார். 5 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம். கூடவே 5 லட்சம் டாலர் கடன். அன்றைய 5 லட்சம் டாலர் எப்பேர்ப்பட்ட தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு அப்போது 52 வயது. விற்றுவிட்டுப் பட்டணத்தில் வசதியாக இருக்கலாம். நிலத்தில் ஒரு துண்டைக்கூடக் கைவிட வேண்டாம் என்பது கணவரின் கடைசி விருப்பம் என்று சொல்லப்படுகிறது. அவர் விற்கவில்லை. அடுத்தடுத்து வந்ததோ வறட்சி ஆண்டுகள். 1880களின் பிற்பாதியிலும் 1890களிலும் தெற்கு டெக்சாஸில் புல் கருகி மாடுகள் செத்து விழுந்தன. சப்பாத்திக்கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கிவிட்டு மாட்டுக்குத் தீவனமாகப் போட்ட காலம் அது. மாடுகளை உண்ணிக் காய்ச்சல் வேறு வாட்டியது. மருந்து கலந்த தொட்டிக்குள் மாடுகளை இறக்கி நீந்தவைத்து உண்ணியை ஒழிக்கும் முறை இந்தப் பண்ணையில்தான் ஆரம்பத்திலேயே முயன்று பார்க்கப்பட்டது. 1899இல் ஆழ்துளைக் கிணறு தோண்டி, தண்ணீர் தானாகவே பொங்கி மேலே வந்தபோதுதான் பண்ணைக்கு மூச்சு திரும்பியது.

கடன் அடைந்தது. நிலம் குறையவில்லை, கூடியது. அவர் 1925இல் கண்மூடியபோது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இருந்தது.

உண்மையில் நடத்தியவர் மருமகன்தானே?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். பாதி உண்மை. மகள் ஆலிஸின் கணவர் ராபர்ட் கிளேபெர்க் கெட்டிக்கார வழக்கறிஞர். ஒரு வழக்கில் தன்னையே தோற்கடித்தவர் என்பதற்காகவே ரிச்சர்ட் கிங் அவரைத் தன் வேலைக்கு அமர்த்தினார். 1886இல் ஆலிஸை மணந்தார். அன்றாட நிர்வாகம், கிணறு, உண்ணி ஒழிப்பு எல்லாம் அவர் கைவண்ணமே. 1895இல் ஹென்ரியேட்டா அவருக்கு முழு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் முதல் பத்து ஆண்டுகள், கடன் கழுத்தை நெரித்த ஆண்டுகள், அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. உரிமையாளர் ஹென்ரியேட்டா, முடிவு அவருடையது. பத்திரம் கொடுத்த பிறகும் நிலம் யாருக்குத் தானமாகப் போக வேண்டும், ஊர் எங்கே எழ வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். திறமையான ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நம்பி, குறுக்கிடாமல் வேலை செய்ய விடுவதும் நிர்வாகம்தான். ஒரு ஆண் அதைச் செய்தால் தொலைநோக்கு என்கிறோம். பெண் செய்தால் ‘மருமகன் பார்த்துக்கொண்டார்’ என்கிறோம். இது நியாயமில்லை.

கிங்ஸ்வில் நகரம் எப்படி உருவானது?

ரயில் இல்லாதவரை அந்தப் பகுதி தனித்தீவு. மாட்டை விற்க வேண்டுமானால் ஒரு காலத்தில் கன்சாஸ் மாநிலம் வரை பல வாரங்கள் ஓட்டிப் போனார்கள். தன் நிலத்தின் ஊடே ரயில் பாதை போட இடம் தருகிறேன் என்று ஹென்ரியேட்டா முன்வந்தார். செயின்ட் லூயிஸ், பிரவுன்ஸ்வில் அண்ட் மெக்சிகோ ரயில்வே அதனால் சாத்தியமாயிற்று. 1904 ஜூலை 4 அன்று பண்ணையின் நடுவே கிங்ஸ்வில் என்ற ஊர் பிறந்தது. மேய்ச்சல் வெளியில் முதலில் ரயில் வந்தது, பிறகு மனிதர்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் வீடு கட்ட மரம் வேண்டும். மரக் கம்பெனி ஏற்படுத்தினார். ஐஸ் தொழிற்சாலை, மின்சாரம், பருத்தி அரவை, பத்திரிகை அச்சகம் என்று ஊருக்குத் தேவையான ஒவ்வொன்றிலும் பணம் போட்டார். பிரஸ்பிட்டேரியன் கோயிலைத் தன் செலவிலேயே கட்டினார். அத்துடன் நிற்காமல் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், எபிஸ்கோபல், கத்தோலிக்கச் சபைகளுக்கும் இடம் கொடுத்தார். தன் சபை மட்டும்தான் சரி என்ற சூழலில் வளர்ந்த போதகர் மகள் இதைச் செய்தார் என்பது சாதாரண விஷயம் இல்லை. உயர்நிலைப் பள்ளி ஒன்றைக் கட்டி ஊருக்கு ஒப்படைத்தார். அந்த ஊரின் உயர்நிலைப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. மெக்சிக வம்சாவளி மாணவர்களுக்கான தொழிற்கல்வி நிலையத்துக்கும், கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஸ்போன் மருத்துவமனைக்கும் நிலம் தந்தார். கடைசி ஆண்டுகளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு இடம் கொடுத்தார். அந்தக் கல்லூரிதான் இப்போது ‘டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் – கிங்ஸ்வில்’.

மதுவுக்குத் தடை போட்டாராமே?

ஆம். கிங்ஸ்வில்லில் மனை வாங்கியவர்களின் பத்திரத்திலேயே மது விற்கக் கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டது. கணவரின் குடியை முப்பது ஆண்டுகள் பார்த்தவர் அவர்.

வைரத் தோட்டுக்குக் கறுப்புப் பூச்சு பூசிய கதை உண்மையா?

கணவர் விலையுயர்ந்த வைரத் தோடு வாங்கிக் கொடுத்ததாகவும், பகட்டு பிடிக்காத இவர் அதன்மேல் கறுப்பு எனாமல் பூசச் சொல்லிப் போட்டுக்கொண்டதாகவும் பரவலாகச் சொல்வார்கள். போடாமல் பெட்டியில் வைத்தால் கணவர் மனம் புண்படும். மின்ன மின்னப் போட்டால் தன் மனம் ஒப்பாது. அந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட வழி இது. விதவையான பிறகு கடைசி வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கறுப்பு உடைதான் உடுத்தினார்.

அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது?

கேட்க வேண்டிய கேள்வி. ரிச்சர்ட் கிங் 1853இல் வாங்கிய முதல் நிலம் 15,500 ஏக்கர். விலை 300 டாலர், அதாவது ஏக்கருக்கு சுமார் 2 சென்ட். ஸ்பானிய, மெக்சிக அரசுகள் முன்பு குடும்பங்களுக்கு வழங்கிய மானிய நிலங்கள் அவை. தலைமுறை பெருகப் பெருக, பாகம் பிரிக்காத சொத்தாகப் பல பங்காளிகள் கையில் இருந்தன. அமெரிக்க ஆட்சி வந்தபின் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடந்தது. வழக்கும் அளவையும் வரியும் சேர்ந்து அந்தக் குடும்பங்களை நெருக்கின. ஒவ்வொரு பங்காளியிடமிருந்தும் பங்கை வாங்கிச் சேர்த்தே கிங் ரான்ச் விரிந்தது. தங்கள் முன்னோர் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லும் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் இன்றும் உண்டு, வழக்குகளும் நடந்தன. 1915இல் எல்லைப் பகுதியில் கலவரம் மூண்டு, பண்ணையின் நோரியாஸ் பகுதி தாக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் ரேஞ்சர் காவல் படையினராலும் கும்பல்களாலும் நூற்றுக்கணக்கான மெக்சிக வம்சாவளியினர் கொல்லப்பட்டார்கள்.

கினென்யோக்களின் வாழ்விலும் இரண்டு பக்கமும் உண்டு. வீடும் பள்ளியும் பாதுகாப்பும் கிடைத்தன. ஆனால் நிலம் அவர்களுடையது இல்லை; எஜமானியின் நல்ல மனத்தை நம்பிய வாழ்வு அது. நல்ல மனம் இருந்தது என்பதை நான் மனமார நம்புகிறேன். அது உரிமைக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

மாட்டில் இருக்கிறது. வெயிலையும் உண்ணியையும் தாங்காத ஆங்கிலேய ஷார்ட்ஹார்ன் பசுக்களோடு, இந்தியத் திமில் மாடுகளின் வழிவந்த பிராமன் காளைகளைக் கலந்து ‘சாண்டா கெர்ட்ரூடிஸ்’ என்ற புதிய இனத்தை இந்தப் பண்ணை உருவாக்கியது. அந்த இனத்துக்கு மூலமான ‘மங்கி’ என்ற காளை 1920இல், ஹென்ரியேட்டா உயிரோடிருந்தபோதே பிறந்தது. அமெரிக்க அரசு 1940இல் இதைத் தனி இனமாக ஏற்றது.

அவர் வாக்களித்தாரா?

டெக்சாஸ் பெண்களுக்குக் கட்சி உள்தேர்தல்களில் வாக்குரிமை கிடைத்தது 1918இல். நாடு முழுவதுக்குமான அரசியல் சட்டத் திருத்தம் 1920இல் வந்தது. அப்போது அவருக்கு 88 வயது. ஒரு நகரத்தையே உண்டாக்கியவர், அந்த நகரத்தின் பிரதிநிதி யார் என்று சொல்லும் உரிமைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போதுள்ள பெரிய மாளிகை அவர் கட்டியதா?

பழைய வீடு 1912 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்துபோனது. புதிய வீடு 1915இல் முடிந்தது. வெள்ளைச் சுவர்கள், கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் என்று அரண்மனை போல இருக்கும். பூட்ஸ் காலோடு யார் வேண்டுமானாலும் உள்ளே வரக்கூடிய வீடாக இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன நிபந்தனை. மாட்டுச் சாணமும் புழுதியும் ஒட்டிய பூட்ஸ் அது.

அவருடைய இறுதி ஊர்வலம் ஏன் இன்றும் பேசப்படுகிறது?

1925 மார்ச் 31 அன்று, 92 வயதில், பண்ணை வீட்டில் இறந்தார். செய்தி பரவியதும் பண்ணையின் மூலைமுடுக்குகளிலிருந்து வாக்கெரோக்கள் குதிரையில் புறப்பட்டு வந்தார்கள். சுமார் 200 பேர், ‘டபிள்யூ’ குறி போட்ட குதிரைகளில், சவ வண்டியின் இருபுறமும் காவலாக வந்தார்கள். கல்லறையில் பிரார்த்தனை முடிந்து பெட்டியை இறக்கியபோது, தொப்பியைக் கழற்றிப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தபடி, ஒவ்வொருவராகக் குதிரையை மெல்ல ஓடவிட்டு, திறந்திருந்த குழியை ஒரு முறை சுற்றி வந்தார்கள். வாய்ச்சொல் ஏதுமில்லை, குளம்போசை மட்டும். அப்படிச் சுற்றியவர்களில் பலர், அவர் மேற்பார்வையிட்ட வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் பேரர்களும்.

எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?

கிங்ஸ்வில்லில், அவருடைய தந்தையின் குடும்பப் பெயரால் அமைந்த சேம்பர்லைன் கல்லறைத் தோட்டத்தில். சான் அந்தோனியோவில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த கணவரின் உடலையும் எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.